பிரான்ஸ் கிராமத்தில் நீச்சல் குளத்தோடு சொந்த வீடு: கையெழுத்துப் போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

கல் சுவர், நீல ஜன்னல், பின்னால் திராட்சைத் தோட்டம், நடுவில் பளபளக்கும் நீச்சல் குளம். பிரான்ஸின் வீட்டு விற்பனைத் தளங்களைத் திறந்தால் இப்படி ஆயிரக்கணக்கான படங்கள் வரும். பாரிஸில் ஒரு சின்ன அபார்ட்மென்ட் வாங்கும் காசில் தெற்கே ஒரு கிராமத்தில் நாலு படுக்கையறை வீடே வாங்கலாம் என்பதும் பல இடங்களில் உண்மைதான்.

பாரிஸ் புறநகரில் பல ஆண்டுகளாக உழைத்துச் சேர்த்த தமிழ்க் குடும்பங்கள், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள புதுச்சேரிக்காரர்கள், லீவுக்கு எல்லோரும் கூட ஒரு வீடு வேண்டும் என்று நினைக்கும் அண்ணன் தம்பிகள் எனப் பலருக்கும் இந்த ஆசை உண்டு. ஆனால் வாங்கியவர்களுக்குப் பின்னால் தலைவலி கொடுப்பது பெரும்பாலும் அந்தப் படத்தில் அழகாகத் தெரியும் குளம்தான். அனுமதி, வரி, குழந்தைகளின் பாதுகாப்பு, தண்ணீர் என நாலு கேள்விகள் அதற்குள் இருக்கின்றன. இன்னொரு பக்கம், பிரான்ஸில் நீங்கள் போடும் முதல் கையெழுத்தே உங்களைக் கட்டிப்போட்டுவிடும். "அட்வான்ஸ்தானே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்ற கதை அங்கே நடக்காது.

விரிவாகப் பார்ப்போம்.

வெளிநாட்டவர் வாங்க முடியுமா?

முடியும். பிரான்ஸில் வீடு வாங்க அந்நாட்டுக் குடியுரிமையோ, அங்கே வசிக்கும் உரிமையோ தேவையில்லை. இந்தியர், இலங்கையர் யாராக இருந்தாலும் வாங்கலாம்.

ஆனால் வீடு வாங்கினால் விசா கிடைத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சொந்த வீடே இருந்தாலும் ஷெங்கன் விசாவில் வருபவர் 180 நாட்களில் 90 நாட்கள் மட்டுமே தங்கலாம். அதற்கு மேல் தங்க நீண்டகால விசாவுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். சொந்த வீடு இருப்பது விண்ணப்பத்துக்கு ஒரு ஆதாரம், அவ்வளவுதான்.

இந்தியாவில் வசித்துக்கொண்டு ரூபாயில் சம்பாதிப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் டாலர் வரைதான் வெளியே அனுப்பலாம். பெரிய தொகை என்றால் கணவன், மனைவி இருவரும் தங்கள் வரம்பைச் சேர்த்து அனுப்புவது வழக்கம். 2025 ஏப்ரல் முதல், இப்படி அனுப்பும் தொகையில் 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட பகுதிக்கு 20 சதவீதத்தை வங்கி முன்கூட்டியே வரியாகப் பிடித்துக்கொள்கிறது. வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம் என்றாலும், அந்தப் பணம் சில மாதம் முடங்கிக் கிடக்கும். வெளிநாட்டுச் சொத்தைக் கணக்கில் காட்டாமல் விட்டால் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் வரலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

விளம்பர விலை வேறு, கையை விட்டுப் போகும் பணம் வேறு

உதாரணத்துக்கு, கார் மாவட்டத்தில் யூஸேஸ் ஊருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் குளத்தோடு ஒரு வீடு 3.5 லட்சம் யூரோ என்று வைத்துக்கொள்வோம். பாரிஸிலிருந்து அதிவேக ரயிலில் நீம் நகருக்கு மூன்று மணி நேரம், அங்கிருந்து காரில் போகலாம்.

முதலில் பார்க்க வேண்டியது ஏஜென்ட் கமிஷன். அது விலைக்குள் அடக்கமா, யார் தலையில் வருகிறது என்பதை விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும் என்பது சட்டம்.

அடுத்தது, "நோட்டேர் செலவு" என்று எல்லோரும் சொல்லும் தொகை. பழைய வீட்டுக்கு இது விலையில் சுமார் 7 முதல் 8 சதவீதம், புது வீட்டுக்கு 2 முதல் 3 சதவீதம். பேரைக் கேட்டால் நோட்டேருக்குப் போகும் கட்டணம் போலத் தெரியும். உண்மையில் பெரும்பகுதி அரசுக்குப் போகும் பத்திர வரி. 2025 ஏப்ரல் முதல் இந்த வரியில் தங்கள் பங்கை 4.5 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக உயர்த்திக்கொள்ள மாவட்டங்களுக்கு அனுமதி கிடைத்தது. பெரும்பாலான மாவட்டங்கள் உயர்த்தியும் விட்டன. முதன்முதலாகத் தான் குடியிருக்க வீடு வாங்குபவருக்கு இந்த உயர்வு பொருந்தாது. லீவு வீட்டுக்குப் பொருந்தும்.

ஆக 3.5 லட்சம் யூரோ வீட்டுக்குக் கூடுதலாக 28,000 யூரோ வரை எடுத்துவைக்க வேண்டும். இந்தச் செலவுக்கும் சேர்த்து வங்கி கடன் தரும் என்று எதிர்பார்க்க முடியாது. பெரும்பாலும் கையிலிருந்துதான் போகும்.

கடனுக்கும் வரம்பு இருக்கிறது. எல்லாக் கடன் தவணைகளும் காப்பீடும் சேர்த்து உங்கள் வருமானத்தில் 35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, காலம் 25 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது என்பது பிரெஞ்சு வங்கிகளுக்கு இருக்கும் பொது விதி. பாரிஸில் ஏற்கெனவே வீட்டுக் கடன் கட்டுபவருக்கு இரண்டாவது வீட்டுக்கான இடம் இந்த 35 சதவீதத்துக்குள் எவ்வளவு மிச்சம் என்பதுதான் முதல் கேள்வி.

கேட்கும் விலை நியாயமானதா? அக்கம்பக்கத்தில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. கடந்த ஐந்து ஆண்டுகளில் எந்தத் தெருவில் எந்த வீடு என்ன விலைக்குப் போனது என்ற விவரத்தை 2019 முதல் பிரெஞ்சு அரசே இணையத்தில் இலவசமாக வெளியிடுகிறது. அல்சாஸ், மொசெல், மயோத் பகுதிகள் மட்டும் அதில் இல்லை.

நோட்டேர் என்பவர் யார்?

இலங்கைத் தமிழர்களுக்கு நொத்தாரிசு என்ற சொல் தெரியும். பிரான்ஸில் நோட்டேர் என்பவர் நீதி அமைச்சர் நியமிக்கும் பொது அதிகாரி. சொத்தின் பூர்வீகத்தைத் தேடுவது, அடமானம் இருக்கிறதா என்று பார்ப்பது, பணத்தைத் தன் கணக்கில் வைத்திருப்பது, வரியை வசூலித்து அரசுக்குக் கட்டுவது, பத்திரம் எழுதிப் பதிவு செய்வது எல்லாம் அவர் வேலை.

விற்பவரின் நோட்டேரே உங்களுக்கும் பார்த்துவிடலாம் என்பார்கள். சட்டப்படி அதில் தவறில்லை. ஆனால் நீங்கள் தனியாக ஒரு நோட்டேரை வைத்துக்கொண்டாலும் பத்திரச் செலவு கூடாது. ஒரே கட்டணத்தை இருவரும் பிரித்துக்கொள்வார்கள். எனவே உங்கள் கேள்விகளைக் கேட்க உங்களுக்கென்று ஒருவர் இருப்பது நல்லது. பிரெஞ்சு சரளமாகத் தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளரை வைக்கச் சொல்வார்கள். சங்கடப்பட வேண்டாம். சொந்தக்காரப் பிள்ளையை வைத்துச் சமாளிப்பதைவிட அது பாதுகாப்பு.

முதல் கையெழுத்தும் 10 நாள் அவகாசமும்

இதுதான் மிக முக்கியமான கட்டம். விலை பேசி முடித்ததும் "கொம்ப்ரோமி து வாந்த்" என்ற ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்துப் போடுவார்கள். நம் ஊர் அட்வான்ஸ் அக்ரிமென்ட் போலத் தோன்றும். ஆனால் இது இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் முழு ஒப்பந்தம். இறுதிப் பத்திரம் சுமார் மூன்று மாதம் கழித்து வரும்.

கையெழுத்தான ஒப்பந்தம் உங்கள் கைக்கு வந்த மறுநாளிலிருந்து 10 நாட்கள் உங்களுக்கு அவகாசம். பதிவுத் தபாலில் அனுப்பினால், தபால்காரர் முதல்முறை கொண்டுவந்த நாளின் மறுநாள் தொடங்கும். இந்த 10 நாளுக்குள் காரணமே சொல்லாமல் விலகலாம், கொடுத்த பணம் முழுதும் திரும்பக் கிடைக்கும். இந்த உரிமை வாங்குபவருக்கு மட்டும்தான். விற்பவருக்கு இல்லை.

11-வது நாள் மனசு மாறினால்? இங்கதான் சிக்கல். வழக்கமாக விலையில் 5 முதல் 10 சதவீதம் முன்பணமாக வாங்குவார்கள். நம் உதாரண வீட்டுக்கு அது 35,000 யூரோ வரை. சரியான காரணம் இல்லாமல் விலகினால் அந்தப் பணம் போய்விடும்.

சரியான காரணம் என்றால் என்ன? ஒப்பந்தத்தில் எழுதிவைத்த நிபந்தனைகள்தான். வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் ஒப்பந்தம் ரத்து என்பது கடனில் வாங்குபவருக்குச் சட்டமே தரும் பாதுகாப்பு. வேறு எதைப் பற்றிக் கவலை இருந்தாலும், உதாரணமாகக் குளத்துக்கான அனுமதிக் காகிதத்தை விற்பவர் காட்ட வேண்டும் என்றால், அதையும் நிபந்தனையாக எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்னது எதுவும் கணக்கில் வராது.

பத்திரம் தாமதமாவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பல ஊர்களில் அந்தச் சொத்தை வாங்கிக்கொள்ளும் முதல் உரிமை ஊராட்சிக்கு உண்டு. விவசாய நிலமும் சேர்ந்து இருந்தால் சாஃபேர் என்ற நில அமைப்புக்கும் அந்த உரிமை வரலாம். அவர்கள் பதில் சொல்ல இரண்டு மாதம் அவகாசம். அதுவரை நோட்டேர் காத்திருந்துதான் ஆக வேண்டும்.

குளத்துக்குக் காகிதம் இருக்கிறதா?

பிரான்ஸில் தனியார் வீடுகளில் 30 லட்சத்துக்கும் மேல் நீச்சல் குளங்கள் இருக்கின்றன. இவை எல்லாமே முறையாகச் சொல்லிக் கட்டப்பட்டவை அல்ல.

விதி இதுதான். 10 சதுர மீட்டருக்கு மேல் 100 சதுர மீட்டர் வரை உள்ள திறந்தவெளிக் குளத்துக்கு ஊர் மேரியில் முன்னறிவிப்பு மனு கொடுத்து அனுமதி பெற வேண்டும். அதற்கு மேல் போனாலோ, 1.80 மீட்டருக்கு மேல் உயரமான கூரை போட்டாலோ கட்டட அனுமதியே வேண்டும். மேரி என்றால் நகராட்சி, ஊராட்சி அலுவலகம். புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. கட்டி முடித்த 90 நாளுக்குள் வரித்துறைக்கும் சொல்ல வேண்டும். ஏனென்றால் குளம் இருந்தால் வீட்டின் வரி மதிப்பு கூடும்.

பலர் சொல்லாமல் விட்டார்கள். வரித்துறை வானிலிருந்து எடுத்த படங்களைச் செயற்கை நுண்ணறிவு மூலம் அலசத் தொடங்கியது. ஒன்பது மாவட்டங்களில் நடந்த சோதனையில் மட்டும் கணக்கில் வராத 20,000-க்கும் மேற்பட்ட குளங்கள் சிக்கின என்றும், சுமார் 1 கோடி யூரோ வரி கிடைத்தது என்றும் 2022 ஆகஸ்ட்டில் அறிவித்தது. பிறகு இந்த முறை மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது.

"அது பழைய ஓனர் பிரச்சினைதானே?" என்று கேட்கலாம். முழுக்க அப்படி இல்லை. அனுமதியில்லாமல் கட்டியதற்கான குற்ற வழக்குக்கு 6 ஆண்டு காலவரம்பு. ஊராட்சி சிவில் நீதிமன்றம் போக 10 ஆண்டு காலவரம்பு. அந்தக் காலத்துக்குள் நீங்கள் வாங்கினால், குளத்தைச் சரிசெய் அல்லது மூடு என்ற உத்தரவு உங்கள் வாசலுக்கு வரலாம். நாளைக்கு ஒரு அறை கூடுதலாகக் கட்ட மனு போட்டால், "முதலில் குளத்துக்கு அனுமதி எங்கே?" என்று கேட்பார்கள்.

எனவே கேட்க வேண்டிய காகிதங்கள் மூன்று: மேரி கொடுத்த அனுமதி, வேலை முடிந்ததாகக் கொடுத்த அறிவிப்பு, குளமும் சேர்ந்த வரி ரசீது. ஊர் மேரிக்கே நேரில் போய் அந்த வீட்டின் கோப்பைக் காட்டச் சொல்லியும் பார்க்கலாம்.

குழந்தைகள் இருக்கும் வீடா? இதைத் தவறவிடாதீர்கள்

பிரான்ஸில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகள் நீரில் மூழ்கும் விபத்துகள் அதிகம் நடப்பது வீட்டு நீச்சல் குளங்களில்தான். கடலில் அல்ல, ஆற்றில் அல்ல. பெரியவர்கள் ஒரு போன் பேசிவிட்டு வரும் நேரம் போதும்.

இதற்காகவே 2003 ஜனவரி 3 அன்று தனிச் சட்டம் வந்தது. 2004 முதல் கட்டும் புதுக் குளங்களுக்கும், 2006 முதல் ஏற்கெனவே இருந்த குளங்களுக்கும் இது பொருந்தும். தரையில் தோண்டிய திறந்தவெளிக் குளம் என்றால், தர நிர்ணயத்துக்கு உட்பட்ட இந்த நான்கில் ஒன்றாவது கட்டாயம் இருக்க வேண்டும்:

- குளத்தைச் சுற்றிப் பாதுகாப்பு வேலி
- யாராவது விழுந்தால் அலறும் அலாரம்
- மேலே விரிக்கும் பாதுகாப்பு மூடி
- குளத்தை முழுதாக மூடும் கூடாரம்

இல்லாவிட்டால் அபராதம் 45,000 யூரோ வரை. பத்திரம் முடிந்த நிமிடத்திலிருந்து இந்தப் பொறுப்பு உங்களுடையது.

இதில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சட்டம் நான்கையும் சமமாகப் பார்க்கிறது. ஆனால் அலாரம், குழந்தை தண்ணீரில் விழுந்த பிறகுதான் சத்தம் போடும். வேலி, விழுவதற்கு முன்பே தடுக்கும். நடக்கப் பழகும் குழந்தைகள் வந்துபோகும் வீடு என்றால், அலாரம் இருந்தாலும் தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவுள்ள வேலியைப் போட்டுவிடுவது நல்லது. வேலியை ஒட்டி நாற்காலி, பூந்தொட்டி எதுவும் இருக்கக் கூடாது. குழந்தை ஏறிவிடும். எந்தக் கருவி இருந்தாலும், குளத்தருகே ஒரு பெரியவர் கண்ணை எடுக்காமல் இருப்பதற்கு மாற்று கிடையாது.

தண்ணீருக்கு என்ன வழி?

8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.5 மீட்டர் ஆழம் என்றால் 48,000 லிட்டர் தண்ணீர். நம் ஊர்க் கணக்கில் 12,000 லிட்டர் டேங்கர் லாரி நாலு. வெயில் காலத்தில் ஆவியாவதை ஈடுகட்டத் தொடர்ந்து ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

தென் பிரான்ஸில் கோடை வறட்சி இப்போது அடிக்கடி வருகிறது. வறட்சிக் கட்டுப்பாட்டில் கண்காணிப்பு, எச்சரிக்கை, கடும் எச்சரிக்கை, நெருக்கடி என நாலு நிலைகள். நிலை உயர உயர, குளம் நிரப்பவும் தோட்டத்துக்குத் தண்ணீர் விடவும் தடை வரும். 2023-ல் ஸ்பெயின் எல்லையோரம் உள்ள பிரெனே-ஓரியந்தால் மாவட்டத்தில் தரைமேல் வைக்கும் குளங்களை விற்கவே தடை போட்டார்கள். அதே ஆண்டு வார் மாவட்டத்தில் ஃபயான்ஸ் வட்டாரத்தின் ஒன்பது ஊர்கள், இருக்கிற மக்களுக்கே தண்ணீர் போதவில்லை என்று புதிய கட்டட அனுமதிகளை நிறுத்தின.

நீங்கள் பார்க்கும் ஊரில் கடந்த சில கோடைகளில் என்ன நிலை இருந்தது என்பதை அரசின் விஜியோ தளத்திலும் மாவட்ட நிர்வாக உத்தரவுகளிலும் பார்க்கலாம். ஆகஸ்ட்டில் குளிக்க முடியாத குளத்துக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டுமா என்பது நியாயமான கேள்வி.

பராமரிப்பும் சும்மா வராது. தண்ணீரின் வெப்பநிலையை இரண்டால் வகுத்தால் வருவதுதான் தினமும் வடிகட்டி ஓட வேண்டிய மணி நேரம் என்பார்கள். 28 டிகிரி என்றால் 14 மணி நேரம் மோட்டார் ஓடும். உள்ளே ஒட்டியிருக்கும் விரிப்பு 10 முதல் 15 ஆண்டில் மாற்ற வேண்டி வரும். அது எப்போது போட்டது என்று கேளுங்கள். குளம் நிறைந்திருக்கும் நிலையில், மோட்டார் ஓட, நேரில் பாருங்கள். பச்சை மூடி போட்ட குளத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

வீட்டின் ஸ்கேன் ரிப்போர்ட்

விற்பவர் தன் செலவில் பரிசோதனை அறிக்கைகளைக் கொடுக்க வேண்டும். 1949-க்கு முன் கட்டிய வீட்டுக்கு ஈயம், 1997 ஜூலைக்கு முன் அனுமதி பெற்ற வீட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ், 15 ஆண்டுக்கு மேல் பழைய மின்சார, எரிவாயு இணைப்பு, சில பகுதிகளில் கரையான் எனப் பட்டியல் நீளும். இதில் மூன்றை மட்டும் கண்டிப்பாக ஊன்றிப் படியுங்கள்.

முதலாவது, வீடு எவ்வளவு எரிசக்தி குடிக்கிறது என்ற டிபிஇ அறிக்கை. ஏ முதல் ஜி வரை மதிப்பெண். ஜி வாங்கிய வீட்டைக் குடியிருக்கும் வாடகைக்குப் புதிதாக விட 2025 முதல் தடை. எஃப் வீட்டுக்கு 2028-லும், இ வீட்டுக்கு 2034-லும் தடை வரும். மோசமான மதிப்பெண் என்றால் விலையைக் குறைத்துப் பேசலாம். ஆனால் குளிர்காலச் செலவும் உங்களுடையதுதான்.

இரண்டாவது, கழிவுநீர். கிராமத்தில் பல வீடுகளுக்குப் பாதாளச் சாக்கடை இணைப்பு கிடையாது, செப்டிக் டேங்க்தான். அது விதிப்படி இல்லை என்று அறிக்கை சொன்னால், வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் சரிசெய்ய வேண்டும். பல ஆயிரம் யூரோ செலவாகும் வேலை. அந்தத் தொகையை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, இயற்கை அபாய அறிக்கை. வெள்ளம், நிலநடுக்கம் மட்டுமல்ல, களிமண் நிலமும் முக்கியம். வறட்சியில் சுருங்கி, மழையில் ஊதும் களிமண், வீட்டுச் சுவரையும் குளத்தையும் விரிசல் விட வைக்கும். காட்டுத் தீ இன்னொன்று. 2025 ஆகஸ்ட்டில் ஓத் மாவட்டத்தின் கோர்பியேர் பகுதியில் சுமார் 16,000 ஹெக்டேர் எரிந்து போனது. தீ அபாயம் உள்ள பகுதிகளில், காட்டிலிருந்து 200 மீட்டருக்குள் இருக்கும் வீட்டைச் சுற்றி 50 மீட்டர் வரை புதரை வெட்டிச் சுத்தமாக வைப்பது உரிமையாளரின் கடமை. பக்கத்து நிலத்துக்குள் போகும் தூரமாக இருந்தாலும் செய்ய வேண்டும்.

மறைந்திருந்த பெரிய குறை பின்னால் தெரியவந்தால், தெரிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். ஆனால் தனிநபர் விற்கும் வீட்டில் "தெரியாத குறைக்கு நான் பொறுப்பல்ல" என்ற வரியைப் பெரும்பாலும் பத்திரத்தில் சேர்த்துவிடுவார்கள். அப்போது, அவருக்கு முன்பே தெரியும் என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். போவதற்கு முன் பார்ப்பதுதான் சுலபம்.

வாங்கிய பிறகு ஆண்டுதோறும் என்ன கட்ட வேண்டும்?

தாக்ஸ் ஃபொன்சியேர் என்ற சொத்து வரி உரிமையாளருக்கு எப்போதும் உண்டு. தாக்ஸ் தாபித்தாசியோன் என்ற குடியிருப்பு வரி, குடியிருக்கும் முதல் வீட்டுக்கு 2023 முதல் இல்லை. ஆனால் லீவு வீட்டுக்கு இன்னும் இருக்கிறது. வீட்டுத் தட்டுப்பாடு உள்ளதாக அறிவிக்கப்பட்ட ஊர்களில் அதன் மேல் 5 முதல் 60 சதவீதம் வரை கூடுதல் வரி போடவும் ஊராட்சிக்கு அதிகாரம் உண்டு. சுற்றுலா மோகம் உள்ள பல கிராமங்கள் 2023-ல் அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஊர்ப் பேரை வைத்து முதலிலேயே விசாரியுங்கள்.

வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதை வரித்துறைத் தளத்தில் தெரிவிக்க வேண்டும். மாற்றம் இருந்து சொல்லாவிட்டால் 150 யூரோ அபராதம்.

"கோடையில் வாடகைக்கு விட்டுச் சமாளிக்கலாம்" என்பது பலரின் கணக்கு. விடலாம். ஆனால் 2024 நவம்பரில் வந்த சட்டம் இந்த வருமானத்துக்கான வரிச் சலுகையைக் குறைத்து, ஊராட்சிகளுக்குக் கூடுதல் கட்டுப்பாட்டு அதிகாரம் கொடுத்தது. தரச்சான்று பெறாத வீடு என்றால் எளிய வரிமுறையில் கழிவு 30 சதவீதம்தான். வாடகையை நம்பித் தவணை கட்டுவதாகத் திட்டமிடாதீர்கள்.

யார் பெயரில் வாங்குவது?

அண்ணன், தம்பி, அக்கா மூவரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்குகிறார்கள். பத்திரத்தில் மூவர் பெயரும் இருக்கிறது. நல்லதுதானே? நல்லதுதான், எல்லோரும் ஒத்துப்போகும் வரை.

இதை பிரெஞ்சுச் சட்டம் பிரிக்காத கூட்டுச் சொத்து என்கிறது. விற்க எல்லோரும் சம்மதிக்க வேண்டும். அதே நேரம், யாரையும் கூட்டில் கட்டாயப்படுத்தி வைத்திருக்க முடியாது என்பதும் சட்டம். ஒருவர் "என் பங்கைக் கொடு" என்று கேட்டு, மற்றவர்களால் கொடுக்க முடியாவிட்டால், வீடு நீதிமன்ற ஏலம் வரை போகலாம்.

இதற்கு இரண்டு வழிகள். ஒன்று, யார் எவ்வளவு போட்டார்கள், செலவு எப்படிப் பிரிப்பது, கோடையில் யாருக்கு எந்த வாரம் என்பதையெல்லாம் ஐந்து ஆண்டு வரை செல்லும் ஒப்பந்தமாக நோட்டேரிடம் எழுதிவைப்பது. காலம் முடிந்தால் புதுப்பிக்கலாம். இன்னொன்று, எஸ்சிஐ என்ற குடும்பச் சொத்து நிறுவனம் தொடங்கி அதன் பெயரில் வாங்குவது. பங்குகளைப் பிள்ளைகளுக்கு மாற்றுவது இதில் எளிது. ஆனால் எஸ்சிஐ பெயரில் உள்ள வீட்டைச் சாமான்களோடு தொடர்ந்து வாடகைக்கு விட்டால் நிறுவன வரி வந்துவிடும். யாரோ சொன்னார்கள் என்று தொடங்காமல் கணக்காளரைக் கேளுங்கள்.

வாரிசு விஷயத்தில் பிள்ளைகளுக்குச் சட்டம் ஒரு பங்கை ஒதுக்கிவிடுகிறது. ஒரு பிள்ளை என்றால் சொத்தில் பாதி, இருவர் என்றால் மூன்றில் இரண்டு, மூவரும் அதற்கு மேலும் என்றால் நாலில் மூன்று. ஆணா பெண்ணா என்ற வித்தியாசம் கிடையாது. பெற்றோர் ஒவ்வொருவரிடமிருந்தும் ஒவ்வொரு பிள்ளைக்கும் 1 லட்சம் யூரோ வரை வரியில்லை. அதையே உயிரோடு இருக்கும்போது தானமாகவும் கொடுக்கலாம், 15 ஆண்டுக்கு ஒருமுறை.

பின்னால் விற்றால்?

குடியிருந்த முதல் வீட்டை விற்றால் லாபத்துக்கு வரி இல்லை. லீவு வீட்டு லாபத்துக்கு 19 சதவீத வரியும், 17.2 சதவீத சமூகப் பங்களிப்பும் உண்டு. வைத்திருக்கும் ஆண்டுகள் கூடக் கூட இது குறையும். 22 ஆண்டில் முதலாவதும், 30 ஆண்டில் இரண்டாவதும் முழுதாகப் போய்விடும். வேலை செய்த ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். சட்டப்படி சேர்க்கக்கூடிய செலவுகளை வாங்கிய விலையோடு சேர்த்து லாபத்தைக் குறைத்துக் காட்ட அவை உதவும்.

கையெழுத்துக்கு முன் கடைசியாக ஒருமுறை

- வீட்டை இரண்டு முறை பாருங்கள். ஒருமுறை கோடையில், ஒருமுறை குளிர்காலத்தில். ஜனவரியில் பேக்கரி திறந்திருக்கிறதா, டாக்டர் எத்தனை கிலோமீட்டர் தூரம் என்பது அப்போதுதான் தெரியும்.
- மேரிக்குப் போய் குளத்தின் அனுமதி, பக்கத்து நிலத்தில் என்ன கட்டத் திட்டம் என்று கேளுங்கள்.
- குளத்தின் பாதுகாப்புக் கருவி தரநிர்ணயத்துக்கு உட்பட்டதா என்ற காகிதத்தை வாங்குங்கள்.
- கடந்த கோடைகளில் தண்ணீர்க் கட்டுப்பாடு இருந்ததா என்று பாருங்கள்.
- செப்டிக் டேங்க், எரிசக்தி, அபாய அறிக்கைகளை ஒப்பந்தத்துக்கு முன்பே கேளுங்கள்.
- உங்களுக்கென்று தனி நோட்டேர். கவலைகள் அனைத்தும் எழுத்தில், நிபந்தனையாக.
- யாரிடமும் ரொக்கமாக முன்பணம் கொடுக்காதீர்கள். நோட்டேரின் கணக்குக்கு மட்டும், வங்கி வழியாக. கணக்கு எண்ணை மின்னஞ்சலில் வந்தபடியே நம்பாமல், அவர் அலுவலகத்துக்கு போன் செய்து உறுதிப்படுத்துங்கள்.

விற்பவர் இந்தக் காகிதங்களையெல்லாம் ஒரே வாரத்தில் எடுத்துக் காட்டினால், அந்த வீட்டை ஒழுங்காக வைத்திருந்தவர் என்று புரிந்துகொள்ளலாம். "அதெல்லாம் எதுக்கு, எல்லாரும் இப்படித்தான் வாங்குறாங்க" என்று இழுத்தால், கையில் இருக்கும் பேனாவை மூடி வையுங்கள். குளத்தோடு கூடிய வீடுகள் தெற்கில் இன்னும் நிறைய இருக்கின்றன. கையெழுத்துக்குப் பிறகு உங்களிடம் இருப்பது 10 நாட்கள் மட்டும்.